சந்தாதாரருக்கு இலவசம், மற்றவர்களுக்கு ஐம்பது சென்ட்

விற்கப்பட்டுப்போன தாயைத் தேடி ஒரு மகள் கடிதம் எழுதுகிறாள். அதை அச்சில் போட ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை ஐம்பது சென்ட் கேட்கிறது. இந்த ஐம்பது சென்ட் கொஞ்ச காலமாகவே என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. பத்திரிகையின் பெயர் சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த, மெதடிஸ்தர் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினரின் வார இதழ். அதில் ‘லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்று ஒரு பகுதி. அடிமைச் சந்தையில் பிரிக்கப்பட்ட குடும்பத்தாரைத் தேடி, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எழுதிய கடிதங்கள் அங்கே வெளியாகும். பகுதியின் உச்சியில் சிறிய எழுத்தில் ஒரு நிபந்தனை: நம் சந்தாதாரர்களுக்குக் கட்டணம் இல்லை, மற்றவர்களுக்கு ஐம்பது சென்ட். ஒரே ஒரு கடிதத்துக்கு ஐம்பது சென்ட்! எவனுடைய நிலத்திலோ விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்குப் பருத்தி பயிரிட்டு, அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும் என்றிருந்த குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை.

கடிதங்களைக் கொஞ்சம் வாசித்தால் கோபம் இன்னும் ஏறும். பெரும்பாலும் ஒரே வார்ப்பு. ஆசிரியருக்கு வணக்கம், என் மக்களைப் பற்றி விசாரிக்க விரும்புகிறேன் என்று தொடங்கும். அதற்குப் பிறகு பெயர்கள்தான். அம்மா பெயர், அப்பா பெயர், கூடப் பிறந்தவர்கள் பெயர் வரிசையாக. அம்மா முதலில் யாருக்குச் சொந்தம், அவர் செத்ததும் சொத்துப் பிரிவினையில் எந்த மகன் பங்குக்குப் போனாள், அவன் கடன்பட்டு யாருக்கு விற்றான், எந்த வியாபாரி எந்த ஊரில் வாங்கி எங்கே கொண்டுபோனான். கடைசியில் எழுதுகிறவர் இப்போது இருக்கும் ஊர், அஞ்சலகம். பல கடிதங்களில் ‘இன்ன போதகர் மே/பா’ என்று ஒரு முகவரி. புலம்பல் அநேகமாக இருக்காது. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிற மாதிரி ஒரு வறண்ட துல்லியம். ஏழு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒருவர் ஐம்பது வயதில் உட்கார்ந்து, தாயை விற்றவன் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்ல முயல்கிறார் என்றால், இடைப்பட்ட காலமெல்லாம் அதை மனத்துக்குள் ஒப்பித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பிரிவினைகளின் அளவு நமக்கு எளிதில் பிடிபடாது. 1808-ல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது. உள்நாட்டு வணிகத்துக்குத் தடை இல்லை. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய புகையிலை மாநிலங்களில் ஆள் மிகுதி. லூசியானா, மிசிசிப்பி, டெக்சஸ் பக்கம் பருத்திக்கும் கரும்புக்கும் ஆள் தேவை. 1861-ல் வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே உள்நாட்டுப் போர் தொடங்குவதற்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இப்படித் தெற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் இறங்கிய மிகப் பெரிய சந்தை நியூ ஆர்லியன்ஸ். அடிமைகளின் திருமணத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பதால் கணவனை ஒருவனுக்கும் மனைவியை ஒருவனுக்கும் விற்பதில் யாருக்கும் சிக்கல் வரவில்லை. போர்க் காலத்தில் வடக்குப் படை நெருங்கியபோது, எஜமானர்கள் தங்கள் ‘சொத்தை’ப் பாதுகாக்க ஆயிரக்கணக்கானவர்களை டெக்சஸுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இந்தக் கடிதங்களில் டெக்சஸ் முகவரிகள் அத்தனை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்திரிகை வந்த வழி

மெதடிஸ்தர்களுக்கும் அச்சுக்கும் உள்ள உறவு பழையது. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி காலத்திலேயே குதிரையில் ஊர் ஊராகப் போன போதகர்களின் பையில் விற்பனைக்குப் புத்தகமும் இருக்கும். அமெரிக்காவில் அவர்கள் 1789-லேயே சொந்தப் பதிப்பகம் தொடங்கிவிட்டார்கள். 1823-ல் பாஸ்டனில் சயான்ஸ் ஹெரால்ட், 1826-ல் நியூ யார்க்கில் கிறிஸ்டியன் அட்வகேட். அதன் பிறகு மக்கள் மேற்கே நகர நகர, சின்சினாட்டி, சிகாகோ, செயின்ட் லூயிஸ், சான் பிரான்சிஸ்கோ என்று வட்டாரத்துக்கு ஒரு அட்வகேட் முளைத்தது. இதழ்களின் ஆசிரியர்களை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பொது மாநாடு வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கும். எல்லாவற்றிலும் ஒரே வியாபார உத்தி: ஒவ்வொரு போதகரும் பத்திரிகையின் முகவர். சந்தா சேர்ப்பதும் பணத்தை வாங்கி அனுப்புவதும் அவர் ஊழியத்தில் சேர்த்தி. சம்பளமில்லாத, ஆனால் எந்தக் கிராமத்துக்குள்ளும் நுழையக்கூடிய விற்பனைப் படை வேறு எந்தப் பத்திரிகை முதலாளிக்கும் அன்று கிடைத்திருக்காது.

1844-ல் இந்தத் திருச்சபை அடிமைப் பிரச்சினையில் இரண்டாக உடைந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ திருமணம் வழியாகவும் அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தார். பேராயர் பொறுப்பிலிருந்து விலகி நிற்கும்படி பொது மாநாடு சொன்னது. தென்மாநிலத்தார் தனிச்சபை கண்டார்கள். பதிப்பகத்தின் சொத்தை யார் எடுத்துக்கொள்வது என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. போர் முடிந்த கையோடு வடக்குச் சபை தெற்கே வந்தது. 1866-ல் விடுதலை பெற்றவர்களுக்கான உதவிச் சங்கம் ஒன்றை அமைத்துப் பள்ளிகள் திறந்தது. அந்த அலையில் 1870-ல் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்தவர்தான் ஜோசப் ஹார்ட்செல், இல்லினாயைச் சேர்ந்த வெள்ளைக்காரப் போதகர். 1873-ல் அவர் தொடங்கிய இதழைத் திருச்சபையின் பொது மாநாடு 1876-ல் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டிலிருந்து அது சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான போதகர்களுக்கும் அஞ்சலகங்களுக்கும் அது போய்க்கொண்டிருந்தது. லூசியானா, மிசிசிப்பி, டெக்சஸ், டென்னசி, ஆர்கன்சாஸ் மாநிலங்களில் சந்தாதாரர்கள் நான்காயிரத்துக்கு மேல்.

உள்ளடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சபை நாளிதழோ வார இதழோ வாசித்துப் பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான். பிரசங்கங்கள், மாநாட்டு அறிக்கைகள், மதுவிலக்கு, மிஷன் செய்திகள், ஓய்வுநாள் பள்ளிப் பாடம், யாருக்கு எந்த ஊருக்கு மாற்றல். இவற்றையெல்லாம் எழுதியவர்கள் அந்தப் பத்திகளுக்காகத்தான் இதழ் காலத்தைத் தாண்டி நிற்கும் என்று நம்பியிருப்பார்கள். இன்றைக்கு அந்தப் பிரசங்கங்களைத் தேடி யாராவது வருகிறார்களா என்பது சந்தேகம். வருகிறவர்களெல்லாம் அந்தப் பொடி எழுத்துக் கடிதங்களுக்காகவே வருகிறார்கள்.

இதைப் போன்ற முயற்சி இந்த இதழோடு தொடங்கியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிலடெல்பியாவிலிருந்து ஆப்பிரிக்க மெதடிஸ்த எபிஸ்கோபல் சபை நடத்திய கிறிஸ்டியன் ரெக்கார்டர், போர் முடிந்த காலத்திலேயே ‘தகவல் தேவை’ என்று இப்படிப்பட்ட அறிவிப்புகளைப் போட்டது. அது கறுப்பின மக்களே கட்டி நடத்திய திருச்சபை, பத்திரிகையும் அவர்களுடையது. சவுத்வெஸ்டர்னின் நிலை வேறு. வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஒரு சபையின் பணத்தில், கறுப்பின வாசகர்களுக்காக நடந்த இதழ். 1884-ல்தான் மார்ஷல் டெய்லர் என்ற கறுப்பினப் போதகர் ஆசிரியர் நாற்காலிக்கு வந்தார். அவருக்குப் பின் ஏ.இ.பி. ஆல்பர்ட். ஆல்பர்ட்டின் மனைவி ஆக்டேவியா அடிமையாகப் பிறந்து ஆசிரியையானவர். லூசியானாவில் தன் வீட்டுக்கு வந்த முதியவர்களிடம் அடிமைக் கால அனுபவங்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, 1890-ல், அது இந்த இதழில் தொடராக வந்தது. பக்கத்தின் ஒரு மூலையில் தாயைத் தேடும் கடிதம். இன்னொரு பக்கத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் வாக்குமூலம். அந்த ஆண்டின் இதழ்களை அப்படிச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

மூன்றாவது வரி

ஐம்பது சென்ட்டில் கண் குத்தி நின்றதால், அந்த நிபந்தனைக் குறிப்பை நான் முழுதாக வாசித்ததே தாமதமாகத்தான். கட்டணத்தைச் சொன்ன கையோடு அது போதகர்களைப் பார்த்துப் பேசுகிறது. கீழே உள்ள விசாரிப்புகளைப் பிரசங்க பீடத்திலிருந்து வாசியுங்கள். சவுத்வெஸ்டர்னில் வந்த கடிதத்தால் யாராவது ஒன்று சேர்ந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். அவ்வளவுதான். இந்த வரியை வாசித்த பிறகு எனக்கு அந்த இதழே வேறொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

1880 கணக்கெடுப்பின்படி அமெரிக்கக் கறுப்பின மக்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாமல் போனதற்கு அவர்கள் காரணமில்லை. தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்தது. ஆக, தேடப்படும் தாய் இந்தப் பத்திரிகையைப் படிக்கப்போவதில்லை. நான்காயிரம் பிரதி விற்றாலும் நாற்பதாயிரம் விற்றாலும் அவள் கண்ணுக்கு அது வெறும் கறுப்புப் புள்ளிகள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்கு வருவாள். அவள் வராவிட்டாலும் அவளைத் தெரிந்த ஒருத்தி வருவாள். மெதடிஸ்தப் பெண்ணாகக்கூட இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டு வந்து வேலி ஓரம் நின்று சொன்னால் போதும். நம் ஊர் ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்தால் பாதிப் பேர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். அங்கே அந்த நேரத்தில் யாருக்கு எழுந்துபோக மனம் வந்திருக்கும்? வர்ஜீனியா, ரிச்மண்ட் சந்தை, இன்ன எஜமான், நான்கு பிள்ளைகள், மூத்தவள் பெயர் இன்னது என்று போதகர் வாசித்துக்கொண்டே போகும்போது, அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்கலாம்.

இந்த ஒரு வரியால் விற்பனைக்காகக் கட்டிய வலை வேறு வேலைக்குப் பயன்பட்டது. போதகரைச் சந்தா முகவராக்கியது வருமானத்துக்காக. அதே போதகர் இப்போது கடிதம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கிறார், பதில் வந்து சேர முகவரி தருகிறார், வந்த இதழை வாசித்துக் காட்டுகிறார். இன்னொன்றும் உண்டு. மெதடிஸ்த வழக்கப்படி போதகர் ஒரே ஊரில் நீண்ட காலம் இருக்க முடியாது. 1864 முதல் 1888 வரை மூன்று ஆண்டுதான் உச்ச வரம்பு, பிறகு ஐந்தாக்கினார்கள். ஆண்டு மாநாட்டில் பேராயர் பெயர்களை வாசிப்பார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். போதகர்கள் அலுத்துக்கொண்ட இந்த மாற்றல் முறையில், ஒரு மாவட்டத்தில் கேட்ட பெயர் இன்னொரு மாவட்டத்துக்குப் பயணப்பட்டது. மிசிசிப்பியில் ஒரு கிழவி தன் மகன் பெயரைச் சொல்லி அழுததைக் கேட்ட மனிதர், இரண்டு ஆண்டு கழித்து லூசியானாவில் பீடத்தில் நின்று அதே பெயரை வாசிக்க நேரலாம். இப்படி நடந்தது என்று நான் ஆதாரம் காட்டவில்லை. நடப்பதற்கான அமைப்பு அங்கே தயாராக இருந்தது என்கிறேன்.

இதற்காக ஐம்பது சென்ட்டை மன்னித்துவிடலாமா? சந்தாதாரருக்கு இலவசம் என்று வைத்ததால் சந்தா கூடியிருக்கும். சந்தா கூடக் கூட இதழ் புதிய ஊர்களுக்குப் போயிருக்கும். ஊர் கூடக் கூட அம்மா கிடைக்கும் வாய்ப்பும் கூடும். கணக்கு சரியாகத்தான் வருகிறது. மூடப்பட்டுவிடும் பத்திரிகையால் யாருக்கும் பயனில்லை என்பதும் உண்மை. ஆனாலும், பிரிந்த குடும்பத்தைச் சந்தா சேர்க்கும் தூண்டிலாக வைத்தது எனக்கு உறுத்துகிறது. காசு இருந்தவர்களின் தேடல் மட்டுமே நம் கைக்கு வந்திருக்கிறது. ஐம்பது சென்ட் இல்லாததால் எழுதப்படாமல் போன கடிதங்களுக்கு எந்தக் காப்பகத்திலும் இடமில்லை. அரசு செய்திருக்க வேண்டிய வேலை இது என்பது இன்னொரு பக்கம். விடுதலை பெற்றவர்களுக்கான அரசுத் துறை ஓரளவு இந்தத் தேடல்களுக்கு உதவியது. 1872-ல் அதை மூடிவிட்டார்கள். லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் பகுதி வந்தது அதற்குப் பிறகுதான்.

கிடைத்தார்களா?

இந்தக் கேள்வியோடுதான் எல்லாரும் அந்தப் பக்கங்களைப் புரட்டுவார்கள். கிடைத்த செய்திகள் உண்டு. ஒருவர் தன் சகோதரியும் அவருடைய எட்டுப் பிள்ளைகளும் சவுத்வெஸ்டர்னால் தனக்குத் திரும்பக் கிடைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். ஆனால் ஆயிரக்கணக்கான விசாரிப்புகளுக்கு நடுவில் இத்தகைய பதில்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன. கிடைத்தவர்களில் பலர் எழுதாமல் இருந்திருக்கலாம். நாற்பது ஆண்டு கழித்து அண்ணனைக் கண்டவன் முதல் வேலையாக ஆசிரியருக்குக் கடிதம் போடுவான் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதைச் சொல்லித் தேற்றிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. தேடலுக்கு எதிராக நின்றவை எத்தனை! விற்கப்படும்தோறும் பெயர் மாறியிருக்கும். விடுதலைக்குப் பின் சிலர் கடைசி எஜமானின் குடும்பப் பெயரை எடுத்தார்கள், சிலர் முதல் எஜமானின் பெயரை, சிலர் இரண்டையும் உதறிவிட்டுப் புதிதாக ஒன்றை. போர் ஒரு பக்கம் ஆட்களைத் தின்றிருந்தது. 1878-ல் மஞ்சள் காய்ச்சல் மிசிசிப்பி ஆற்றங்கரை நெடுகிலும் ஏறத்தாழ இருபதாயிரம் பேரைக் கொண்டுபோனது. மறு ஆண்டே வெள்ளை வன்முறைக்குப் பயந்து பல்லாயிரம் பேர் கான்சஸ் நோக்கிக் கிளம்பினார்கள். தேடுகிறவர் ஒரு பக்கம் நகர, தேடப்படுகிறவர் இன்னொரு பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்.

இருந்தும் கடிதங்கள் நிற்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள் வரை அந்தப் பகுதி வந்துகொண்டிருந்தது. சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது 1865 டிசம்பரில். முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் ஒருவர் அம்மாவைத் தேடுகிறார் என்றால், அவருக்கே அறுபது வயது இருக்கும். அம்மா உயிரோடிருப்பாள் என்று அவர் உண்மையிலேயே நம்பினாரா? தெரியாமல் செத்துப்போகக் கூடாது என்று நினைத்திருப்பார். அல்லது, இப்படி ஒரு குடும்பம் இருந்தது, இன்னின்னார் இதில் இருந்தார்கள் என்று ஒருமுறையாவது அச்சில் வரட்டும் என்று. எனக்கு இந்த இரண்டாவது காரணம் வலுவாகப் படுகிறது. அந்தக் கடிதங்களின் வறட்சிக்கும் துல்லியத்துக்கும் அதுதான் பொருந்துகிறது.

பத்திரிகையின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1904 முதல் ராபர்ட் இ. ஜோன்ஸ் ஆசிரியர். 1920-ல் அவரும் மேத்யூ கிளேரும் அந்தச் சபையின் பேராயர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முழு அதிகாரத்தோடு அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர்கள் அவர்கள். 1939-ல் வடக்கும் தெற்கும் மீண்டும் ஒன்று சேர்ந்தன. சேர்வதற்குத் தெற்கு கேட்ட விலை, கறுப்பினச் சபைகளையெல்லாம் அவை எந்த ஊரில் இருந்தாலும் ஒரே தனி வட்டாரத்துக்குள் ஒதுக்கிவைப்பது. விலை கொடுக்கப்பட்டது. சவுத்வெஸ்டர்ன் பெயர் மாறி, சென்ட்ரல் கிறிஸ்டியன் அட்வகேட் என்று, அந்த ஒதுக்கப்பட்ட வட்டாரத்தின் இதழானது. 1968-ல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

1870 என்ற சுவர்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்கள் எல்லாரும் ஒரு ஆண்டில் போய் முட்டிக்கொள்வார்கள்: 1870. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முன்னாள் அடிமைகள் பெயரோடு பதிவானார்கள். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும், அவருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று வரிகள் இருக்கும். அந்த வரிகளில் யாருக்கும் பெயர் கிடையாது. பெண், முப்பது, கறுப்பு. ஆண், ஏழு, கறுப்பு.

நியூ ஆர்லியன்ஸில் உள்ள வரலாற்றுக் காப்பகம் ஒன்று, 1879 நவம்பர் முதல் 1900 டிசம்பர் வரை வந்த லாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் கடிதங்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றை இணையத்தில் தேடும்படி தொகுத்து வைத்திருக்கிறது. கட்டணம் ஒன்றும் இல்லை. அதைப் பயன்படுத்துகிறவர்கள் பலர், தங்கள் முன்னோரின் பெயர் தெரியாதபோது அவரை வைத்திருந்த எஜமானின் பெயரை இட்டுத் தேடுகிறார்கள். அந்தப் பெயரோடு ஒரு கடிதம் கிடைத்தால், கணக்கெடுப்பில் பெயரில்லாத வரிகளாகக் கிடந்தவர்கள் அங்கே அம்மாவாக, அண்ணனாக, கைக்குழந்தையாகப் பெயரோடு நிற்கிறார்கள். தேடிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: உடைமையாளர் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி நிறுத்திவிடாதீர்கள். சொன்னவர் காதால் கேட்டதைச் சொன்னார், எழுதியவர் தனக்குப் பட்டபடி எழுதினார், அச்சுக் கோத்தவர் தன் பங்குக்கு ஒன்றிரண்டு எழுத்தை மாற்றினார். நான்கைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.